தடுப்பூசி போட்ட மகளுக்குப் பாப் ஸ்மியர் எப்போது?

மெல்பர்னில் இருபது வருடமாக வசிக்கும் ஒரு அம்மா கேட்டிருக்கும் கேள்வி இது:

"மூத்த மகளுக்கு 22 வயது. 2016-ல் ஏழாம் வகுப்புப் படிக்கும்போது பள்ளியிலேயே எச்.பி.வி. தடுப்பூசி மூன்று தடவை போட்டார்கள். சின்னவளுக்குப் போன வருடம் ஒரே ஊசியோடு முடித்துவிட்டார்கள். மூத்தவளுக்குப் பாப் ஸ்மியர் எடுங்கள் என்று டாக்டரிடம் கேட்டால், 25 வயதானதும் வரச் சொல்கிறார். நான் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் 18 வயதிலிருந்தே எடுக்க வேண்டும், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை எடுக்க வேண்டும் என்றார்கள். நியூ ஜெர்சியில் என் அக்கா மகளுக்கு 21-லேயே எடுத்தாயிற்று. திருச்சியில் இருக்கும் அண்ணியோ, 'ஊசிதான் போட்டாச்சே, கல்யாணம் ஆகாத பெண்ணுக்கு இதெல்லாம் எதற்கு' என்கிறார். காசை மிச்சம் பிடிக்க வயதைத் தள்ளிப் போட்டுவிட்டார்களோ என்று பயமாக இருக்கிறது. யார் சொல்வது சரி?"

உங்கள் டாக்டர் சொல்வதுதான் சரி. பாப் ஸ்மியர் என்பது, கருப்பை வாயிலிருந்து செல்களை எடுத்து, புற்றுநோயாக மாறக்கூடிய மாற்றம் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை. மகளுக்கு உடம்பில் தொந்தரவு எதுவும் இல்லையென்றால் 25 வரை இந்தச் சோதனை வேண்டாம். 25 ஆனதும் கட்டாயம் வேண்டும், ஊசி போட்டிருந்தாலும் வேண்டும். நான் இங்கே ஒரு குடும்ப மருத்துவர் கிளினிக்கில் நர்ஸாக இருக்கிறேன். பழைய பாப் ஸ்மியர் காலத்திலும் எடுத்திருக்கிறேன், இப்போதைய எச்.பி.வி. சோதனையும் எடுக்கிறேன். உங்கள் கேள்வியை நம் ஊர் அம்மாக்கள் பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். ஐந்து நிமிடத்தில் சொல்லி முடிக்க முடியாமல் பாதியில் விட்டதும் உண்டு. அதனால் இங்கே கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில், கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான எச்.பி.வி. வைரஸைப் பற்றி. எச்.பி.வி. என்பது ஒரே வைரஸின் பெயர் என்று நினைத்துவிடக் கூடாது. அது ஒரு பெரிய குடும்பம், இருநூறுக்கும் மேற்பட்ட வகைகள். அவற்றில் 14 வகைகள் வரைதான் கருப்பை வாய்ப் புற்றுநோயோடு சம்பந்தப்பட்டவை. அந்தப் பதினாலிலும் 16, 18 என்ற இரண்டு வகைகள்தான் பெரிய குற்றவாளிகள். உலகத்தில் வரும் கருப்பை வாய்ப் புற்றுநோயில் ஏறக்குறைய 70 சதவீதம் இந்த இரண்டால் வருகிறது. தாம்பத்திய உறவு உள்ள பெரும்பாலான ஆண்களையும் பெண்களையும் வாழ்நாளில் ஒருமுறையாவது ஏதாவது ஒரு வகை தொட்டுவிட்டுப் போகும். பெரும்பாலும் அவர்களுக்கு அது தெரியவே தெரியாது. பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு இரண்டு வருடத்துக்குள் உடம்பே அதை அடக்கிவிடும். அடங்காமல் வருடக்கணக்கில் தங்குகிற வைரஸ்தான் செல்களைக் கெடுக்கிறது. அதுவும் புற்றுநோயாக மாறப் பொதுவாகப் பத்துப் பதினைந்து வருடம் எடுக்கும். இந்தப் 'பத்துப் பதினைந்து வருடம்' என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வயதுக் கணக்கு முழுவதும் அதன் மேல்தான் நிற்கிறது.

நீங்கள் வந்த காலத்தில் ஆஸ்திரேலியாவில் இருந்த முறை 1991-ல் தொடங்கியது. 18 வயதிலிருந்து இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பாப் ஸ்மியர். அந்தத் திட்டம் இந்த நாட்டில் கருப்பை வாய்ப் புற்றுநோயையும் அதனால் வந்த மரணங்களையும் பாதியாகக் குறைத்தது. அதில் சந்தேகமே இல்லை. ஆனால் கணக்கை வயதுவாரியாகப் பிரித்துப் பார்த்தபோது ஒரு விஷயம் தெரிந்தது. இருபது வருடத்துக்கும் மேலாகச் சோதனை செய்தும், 25-க்குக் கீழ் இருக்கும் பெண்களிடம் அந்தப் புற்றுநோயின் அளவு மாறவே இல்லை. இங்கிலாந்தில் 2009-ல் வெளியான ஓர் ஆய்வும் இதையே சொன்னது: 20 முதல் 24 வயதில் எடுக்கும் ஸ்மியரால் 30 வயதுக்குள் வரும் புற்றுநோய் குறையவில்லை. அந்த வயதில் அந்த நோய் அபூர்வம். வருவதும் பெரும்பாலும் ஸ்மியர் பிடிக்க முடியாத வேகத்தில் வருவது.

சரி, பலன் இல்லாவிட்டாலும் எடுத்து வைத்தால் என்ன நஷ்டம் என்று நீங்கள் கேட்கலாம். அம்மாக்கள் எல்லோரும் கேட்பது இதுதான். நஷ்டம் இருக்கிறது, அதுவும் பெரிய நஷ்டம். இருபது வயதுப் பெண்ணின் கருப்பை வாயில் வைரஸ் வந்து போவதன் தடயம் சகஜமாகத் தெரியும். ஸ்மியரில் அது 'மாற்றம்' என்று வரும். கால்போஸ்கோபிக்கு அனுப்புவார்கள், அதாவது லென்ஸ் வைத்துக் கருப்பை வாயை உற்றுப் பார்ப்பது. அங்கே ஒரு துணுக்கு எடுத்து பயாப்ஸி பார்ப்பார்கள். நடுத்தரமான மாற்றம் என்று ரிப்போர்ட் வந்தால், அந்தக் காலத்தில் அந்த இடத்தைச் சுட்டோ வெட்டியோ எடுத்துவிடுவார்கள். முப்பது வயதுக்குக் கீழ் உள்ள பெண்களிடம் இந்த நடுத்தர மாற்றத்தைத் தொடாமல் விட்டுக் கவனித்துப் பார்த்தபோது, இரண்டு வருடத்தில் பத்தில் ஆறு தானாகவே மறைந்துவிட்டது. அப்படியானால், தானாகப் போகவிருந்த ஒன்றுக்காக எத்தனை பெண்களுக்குக் கத்தி வைத்தோம் என்று யோசியுங்கள்.

வெட்டியெடுத்ததன் விலை அன்றைக்குத் தெரியாது. கருப்பை வாய் என்பது, பிள்ளை வயிற்றில் இருக்கும் ஒன்பது மாதமும் கதவை மூடிப் பிடித்திருக்கும் பகுதி. அதில் ஆழமாக ஒரு துண்டு எடுத்துவிட்டால், பின்னால் குறைமாதப் பிரசவத்துக்கான வாய்ப்பு கூடுகிறது. எவ்வளவு ஆழமாக வெட்டுகிறார்களோ அவ்வளவு கூடுகிறது. இன்னும் பிள்ளை பெறாத பெண்ணுக்கு, தேவையில்லாமல் அப்படிச் செய்வதைத்தான் இந்த நாடு நிறுத்தியது. உங்கள் மகளை 25 வரை காத்திருக்கச் சொல்வதற்கு இதுதான் முதல் காரணம். காசு மிச்சம் பிடிக்கும் கதை இல்லை.

இரண்டாவது காரணம் அவள் போட்டுக்கொண்ட ஊசியேதான். ரேஷன் அரிசியில் கல் பொறுக்கியிருப்பீர்கள். கல் நிறைய இருக்கும் அரிசி என்றால் கையில் படுவது எல்லாம் கல்தான். ஒரு மூட்டைக்கு ஒரு கல் என்று ஆன பிறகு, கொஞ்சம் நிறம் மாறிய அரிசியைக்கூடக் கல் என்று பொறுக்கிப் போட்டுக்கொண்டிருப்போம், உண்மையான கல்லையும் விட்டுவிடுவோம். தடுப்பூசி வந்த பிறகு பாப் ஸ்மியருக்கு நடந்தது இதுதான். லேப்பில் மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார்ந்து செல்களைக் கண்ணால் பார்த்துச் சொல்லும் சோதனை அது. நோய் அபூர்வமாகிவிட்டால் தவறான எச்சரிக்கைகள்தான் மிஞ்சும்.

அதனால்தான் 2017 டிசம்பர் 1-ம் தேதி ஆஸ்திரேலியா சோதனையையே மாற்றியது. இப்போது முதலில் செல்லைப் பார்ப்பதில்லை, வைரஸ் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். 25 வயதில் ஆரம்பித்து 74 வரை, ஐந்து வருடத்துக்கு ஒருமுறை. வைரஸ் இல்லை என்று வந்தால் அடுத்த ஐந்து வருடத்துக்கு அது தரும் உறுதி, 'ஸ்மியர் நார்மல்' என்ற பழைய ரிசல்ட் இரண்டு வருடத்துக்குத் தந்த உறுதியைவிடப் பலமானது. ஐரோப்பாவில் நடந்த நான்கு பெரிய ஆய்வுகளைச் சேர்த்து 2014-ல் கணக்குப் போட்டபோது, புற்றுநோயைத் தடுப்பதில் வைரஸ் சோதனை ஸ்மியரைவிட 60 முதல் 70 சதவீதம் அதிகப் பாதுகாப்புத் தருவதாகத் தெரிந்தது. 'இரண்டு வருடம்' 'ஐந்து வருடம்' ஆனதும் இதனால்தான்.

உங்களுக்கு வந்த அதே பயம் அன்றைக்கு இந்த நாடு முழுவதும் வந்தது. மாற்றம் வருவதற்கு முன்னால் அதை எதிர்த்த ஆன்லைன் மனு ஒன்றில் எழுபதாயிரம் பேர் வரை கையெழுத்துப் போட்டார்கள். பெண்களின் உயிரோடு விளையாடுகிறார்கள் என்று கோபப்பட்டார்கள். அவர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. இத்தனை வருடம் 'இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வந்தே ஆக வேண்டும்' என்று சொல்லிப் பழக்கியது நாங்கள்தான். ஏன் மாற்றுகிறோம் என்று முன்கூட்டியே வீட்டுக்கு வீடு புரியும்படி சொல்லியிருக்க வேண்டியதும் நாங்கள்தான்.

இப்போது உங்கள் அண்ணியின் கேள்விக்கு வருகிறேன். ஊசி போட்டாச்சே, பிறகு எதற்கு?

உங்கள் மூத்த மகள் 2016-ல் போட்டுக்கொண்டது நான்கு வகைகளைத் தடுக்கும் கார்டாசில். 6, 11, 16, 18. இதில் 6-ம் 11-ம் பிறப்புறுப்பில் வரும் மருவுக்கானவை. புற்றுநோய்க் கணக்கில் அவளுக்குப் பாதுகாப்பு இருப்பது 16-க்கும் 18-க்கும்தான். ஒன்பது வகைகளைத் தடுக்கும் புதிய கார்டாசில் ஆஸ்திரேலியப் பள்ளிகளுக்கு 2018-ல் வந்தது. அதில் 31, 33, 45, 52, 58 என்று இன்னும் ஐந்து வகைகள் சேர்ந்தன. அதோடு பாதுகாப்பு 90 சதவீதம் அளவுக்கு ஏறியது. சின்னவள் போட்டது அந்த ஊசி. ஆக ஒரே வீட்டில், ஒரே பள்ளியில் படித்த அக்காவுக்கும் தங்கைக்கும் பாதுகாப்பின் அளவு வேறு. மூத்தவளுக்குப் பெரிய வாசல் அடைபட்டிருக்கிறது, சின்ன ஜன்னல்கள் சில திறந்திருக்கின்றன. அந்த ஜன்னல்களுக்காகத்தான் 25-ல் சோதனை. இளையவளுக்கும் பத்தில் ஒரு பங்கு மிச்சம் இருப்பதால் அவளுக்கும் வேண்டும்.

இன்னொன்று. தடுப்பூசி, வரப்போகும் வைரஸைத் தடுக்கும். ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டதை விரட்டாது. பன்னிரண்டு பதின்மூன்று வயதில் போடுவது இதற்காகத்தான். இருபது வயதில் படிக்க வந்து, இங்கே வந்த பிறகு ஊசி போட்டுக்கொண்ட பெண்களுக்கு அதே அளவு உறுதியை நான் சொல்ல மாட்டேன். போட்டுக்கொள்வது நல்லதுதான். ஆனால் 'எனக்குப் போட்டாச்சு' என்ற தைரியத்தில் சோதனையை விட்டுவிடக் கூடாது.

சின்னவளுக்கு ஏன் ஒரே ஊசி என்று கேட்டிருந்தீர்கள். 2023 பிப்ரவரியிலிருந்து ஆஸ்திரேலியாவில் பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஒரு டோஸ்தான். இதற்கான ஆதாரத்தில் ஒரு பெரிய பங்கு நம் ஊரிலிருந்து வந்தது. அதைச் சொல்ல எனக்கு எப்போதும் பிடிக்கும். இந்தியாவில் 2009-ல், இரண்டு டோஸ் போதுமா, மூன்று வேண்டுமா என்று பார்க்க ஒரு பெரிய ஆய்வு தொடங்கியது. திண்டுக்கல் மாவட்டத்தில், ஒட்டன்சத்திரம் பக்கத்தில் இருக்கும் அம்பிளிக்கை அதன் மையங்களில் ஒன்று. 2010-ல், வேறொரு தடுப்பூசித் திட்டத்தைச் சுற்றி எழுந்த சர்ச்சையால், அரசு எல்லா எச்.பி.வி. தடுப்பூசி ஆய்வுகளையும் நிறுத்தச் சொன்னது. அதனால் ஆயிரக்கணக்கான பெண் பிள்ளைகளுக்கு ஒரு டோஸோடு நின்றுபோனது. ஆய்வு பாழாய்ப் போயிற்று என்றுதான் எவரும் நினைத்திருப்பார்கள். ஆனால் அந்த மருத்துவர்கள் அந்தப் பெண்களை விடாமல் பத்து வருடத்துக்கு மேல் பின்தொடர்ந்தார்கள், கல்யாணமாகி வேறு ஊர் போனவர்களையும் தேடிப் பார்த்தார்கள். 16, 18 வகைகள் நீடித்துத் தங்குவதை ஒரே டோஸ் 95 சதவீதம் தடுத்திருந்தது. மூன்று டோஸ் போட்டவர்களிடம் கண்டதும் ஏறக்குறைய அதே அளவுதான். 2022 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் ஒரு டோஸும் போதும் என்று ஏற்றுக்கொண்டதற்குப் பின்னால், கென்யாவில் நடந்த ஆய்வோடு சேர்த்து, அந்தப் பெண்களும் இருக்கிறார்கள். உங்கள் சின்ன மகளுக்கு இரண்டு ஊசி வலி மிச்சமானது அவர்களால்.

தடுப்பூசி உண்மையிலேயே வேலை செய்கிறதா என்ற கேள்விக்கு இனி விவாதம் தேவையில்லை. ஆஸ்திரேலியாதான் 2007 ஏப்ரலில் உலகத்திலேயே முதலாவதாக இதை நாடு தழுவிய பள்ளித் திட்டமாகத் தொடங்கியது. இந்த ஊசிக்கு அடித்தளமான ஆராய்ச்சியும் பிரிஸ்பேனில், குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் இயன் ஃப்ரேசரும் ஜியான் ஜோவும் செய்தது. ஜோ 1999-லேயே இறந்துவிட்டார், ஊசி வெளிவந்ததைப் பார்க்கவில்லை. திட்டம் தொடங்கிப் பதினாலு வருடம் கழித்து, 2021-ல், இந்த நாட்டில் 25 வயதுக்குக் கீழ் ஒரு பெண்ணுக்குக்கூடக் கருப்பை வாய்ப் புற்றுநோய் கண்டுபிடிக்கப்படவில்லை. பதிவுகள் வைக்க ஆரம்பித்ததிலிருந்து அப்படி ஒரு வருடம் அதற்கு முன் இருந்ததில்லை. ஸ்காட்லாந்தில் 12, 13 வயதில் ஊசி முடித்த பெண்களிடம் ஒருவருக்கும் இந்தப் புற்றுநோய் வரவில்லை என்று 2024-ல் சொன்னார்கள். இங்கிலாந்தில் அதே வயதில் ஊசி கிடைத்தவர்களிடம் 87 சதவீதம் குறைந்திருந்தது. 16 வயதுக்கு மேல் கிடைத்தவர்களிடம் 34 சதவீதம்தான். எந்த வயதில் போட்டார்கள் என்பது எவ்வளவு முக்கியம் என்று இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இனி நான் சொல்லப்போவதை உங்கள் மகளிடம் நீங்கள் நேரடியாகச் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். 25 வரை காத்திருக்கலாம் என்பது எந்தத் தொந்தரவும் இல்லாத பெண்ணுக்கு மட்டும். உறவுக்குப் பிறகு ரத்தம் வந்தாலோ, மாதவிடாய்க்கு நடுவில் ரத்தம் வந்துகொண்டே இருந்தாலோ, வழக்கத்துக்கு மாறாக வெள்ளைப்படுதல் இருந்தாலோ, உறவின்போது வலி நீடித்தாலோ வயதைப் பார்க்கக் கூடாது. 19 ஆனாலும், ஊசி போட்டிருந்தாலும் உடனே போக வேண்டும். அப்போது செய்வது வழக்கமான சோதனை கிடையாது. நோய்க் காரணத்தைத் தேடும் பரிசோதனை. வைரஸையும் செல்லையும் சேர்த்தே பார்ப்பார்கள்.

என்னிடம் வந்த ஒரு பெண்ணை மறக்க முடியவில்லை. 23 வயது. உறவுக்குப் பிறகு மூன்று மாதமாக ரத்தக் கசிவு. இதற்கு முன் போன இடத்தில், 'நீ சின்னப் பெண், தடுப்பூசியும் போட்டிருக்கிறாய், 25 ஆகட்டும்' என்று பார்க்காமலேயே அனுப்பிவிட்டார்கள். நல்லவேளையாக அது கிளமிடியா தொற்று. ஒரு வார மாத்திரையில் சரியாகிவிட்டது. இந்த வயதில் இப்படிக் கசிவுக்குக் காரணம் பெரும்பாலும் தொற்றாகவோ, கருத்தடை மாத்திரையின் விளைவாகவோதான் இருக்கும். ஆனால் பார்க்காமல் எப்படித் தெரியும்? அந்தத் தொற்றையே கவனிக்காமல் விட்டிருந்தால் பின்னால் கருத்தரிப்பதில் சிக்கல் வந்திருக்கும். 'தடுப்பூசி போட்டவள்', '25 ஆகவில்லை' என்ற இரண்டு வாக்கியங்களை வைத்து உங்கள் மகளை யாராவது திருப்பி அனுப்பினால், வேறு டாக்டரிடம் போகச் சொல்லுங்கள்.

இன்னும் சில பெண்களுக்குக் கணக்கு வேறு. சிறுநீரக மாற்று சிகிச்சை செய்துகொண்டவர்கள், எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து நீண்ட காலமாக எடுப்பவர்கள், எச்.ஐ.வி. உள்ளவர்கள் மூன்று வருடத்துக்கு ஒருமுறை வர வேண்டும். பதினாலு வயதுக்கு முன்பே, ஊசி போடும் முன்பே, உறவு நேர்ந்துவிட்ட பெண்ணுக்கு 20-க்கும் 24-க்கும் இடையில் ஒரு சோதனை செய்யலாம் என்று இங்குள்ள வழிகாட்டுதல் சொல்கிறது. அந்த வயதில் அது பெரும்பாலும் அவள் விருப்பத்தோடு நடந்ததாக இருக்காது. அதனால் அந்தக் கேள்வியை அம்மா பக்கத்தில் இருக்கும்போது நாங்கள் கேட்பதில்லை. மகளோடு அறைக்குள் வரும் அம்மாவைச் சில நிமிடம் வெளியே இருங்கள் என்று சொன்னால், தயவுசெய்து தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

'கல்யாணம் ஆகாத பெண்ணுக்கு எதற்கு' என்ற பேச்சைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். யாரோடும் எந்த வகை உறவும் இல்லாத பெண்ணுக்கு இந்த வைரஸ் இருக்கும் வாய்ப்பு மிக மிகக் குறைவு. அப்படிப்பட்டவர் டாக்டரோடு பேசித் தள்ளிப் போடலாம். ஆனால் அந்த முடிவு அவளும் டாக்டரும் தனியாகப் பேசி எடுப்பது. 25-வது பிறந்தநாளுக்கு மூன்று மாதம் இருக்கும்போது, தேசியப் புற்றுநோய்ச் சோதனைப் பதிவகத்திலிருந்து அவள் பெயருக்கு ஒரு கடிதம் வரும். எல்லாப் பெண்களுக்கும் வரும். கடிதம் வந்ததாலேயே பெண்ணைச் சந்தேகமாகப் பார்த்த வீடுகளை நான் அறிவேன். அது வாக்காளர் பட்டியல் மாதிரி, வயதைப் பார்த்து அனுப்புவது. அப்புறம், ரிசல்ட்டில் வைரஸ் இருக்கிறது என்று வந்தாலும் அது ஒழுக்கத்தின் சான்றிதழ் ஆகாது. வாழ்நாளில் ஒரே ஒருவரோடு வாழ்ந்த பெண்ணுக்கும் வரும். எப்போதோ வந்து பல வருடம் அடங்கிக் கிடந்துவிட்டு இப்போது தலைகாட்டவும் கூடும். அதை வைத்து யார் மேலும் பழி போட முடியாது.

சோதனை எப்படி இருக்கும் என்று உங்கள் மகள் பயந்தால் இதைச் சொல்லுங்கள். 2022 ஜூலை முதல், 25 வயதான எந்தப் பெண்ணும் மாதிரியைத் தானே எடுத்துக்கொள்ளலாம். நான் கையில் கொடுப்பது சிவப்பு மூடி போட்ட ஒல்லியான ஒரு பிளாஸ்டிக் குழாய். உள்ளே காது குடையும் பஞ்சுக் குச்சியைப் போல, ஆனால் நீளமாக ஒரு குச்சி. நுனி மெத்தென்று இருக்கும். கிளினிக்கின் கழிவறையிலோ திரைக்குப் பின்னாலோ நின்றபடியே எடுக்கலாம். சில சென்டிமீட்டர் உள்ளே விட்டு, மெல்லச் சில தடவை சுற்றி, எடுத்துக் குழாயில் போட்டு மூடி என்னிடம் கொடுத்தால் முடிந்தது. டாம்பான் வைத்துப் பழகியவர்களுக்கு அதைவிடச் சுலபம். கருப்பை வாயைத் தொட வேண்டியதில்லை, அதனால் தப்பாக எடுத்துவிடுவோமோ என்று பயப்படவும் வேண்டாம். வைரஸைக் கண்டுபிடிப்பதில் இது டாக்டர் எடுப்பதற்குச் சமமானது. உள்ளே விட்டு விரிக்கும் ஸ்பெகுலம் என்ற கருவி கிடையாது, விளக்கைப் போட்டுக் குனிந்து பார்க்க யாரும் கிடையாது. பத்து வருடமாகக் கடிதங்களைக் கிழித்துப் போட்டுக்கொண்டிருந்த ஒரு யாழ்ப்பாணத்து அக்கா, இந்தக் குச்சியைப் பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா, இதுக்கோ நான் பயந்தனான்" என்றார்.

ரிசல்ட் மூன்று விதமாக வரும். வைரஸ் இல்லையென்றால் ஐந்து வருடம் கழித்து வந்தால் போதும். 16 அல்லது 18 இருந்தால் நேராகக் கால்போஸ்கோபி. உங்கள் மகளைப் போல இளம் வயதில் ஊசி போட்டவர்களிடம் இது இப்போது அபூர்வம். மூன்றாவதுதான் அதிகம் வரப்போவது: வேறு வகை இருக்கிறது என்ற ரிசல்ட். அப்போது செல்லையும் பார்ப்பார்கள். தானே மாதிரி எடுத்திருந்தால் அதற்காக மட்டும் ஒருமுறை திரும்பி வர வேண்டியிருக்கும். ஏனென்றால் அந்தக் குச்சியில் கருப்பை வாயின் செல்கள் இருக்காது. செல்லில் பெரிய மாற்றம் இல்லையென்றால் ஒரு வருடம் கழித்து மறுபடி சோதனை. இந்த ஒரு வருடத்தில் பெண்கள் தூக்கம் தொலைக்கிறார்கள். எனக்குத் தெரியும். ஆனால் அந்த ஒரு வருடம், உடம்பு தன் வேலையைச் செய்யக் கொடுக்கும் அவகாசம். பெரும்பாலும் செய்துவிடும்.

நியூ ஜெர்சி விஷயம். அமெரிக்காவில் 21-ல் தொடங்கி, மூன்று வருடத்துக்கு ஒருமுறை பாப் எடுப்பது நீண்ட காலமாக இருக்கும் பரிந்துரை. அங்கேயே அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் 2020-ல் 25-ல் வைரஸ் சோதனையோடு தொடங்குங்கள் என்று சொல்லிவிட்டது. இரண்டு பரிந்துரைகளும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் டாக்டருக்கு டாக்டர் மாறும். உங்கள் அக்கா மகளுக்கு யாரும் தவறு செய்துவிடவில்லை. இங்கிலாந்தும் 25 என்கிறது. இத்தாலியில், 15 வயதுக்குள் ஊசி முடித்த பெண்களுக்கு முதல் சோதனையை 30-க்குத் தள்ளலாம் என்று பரிந்துரைத்திருக்கிறார்கள். ஒன்பது வகை ஊசி போட்ட சின்னவளுக்கு 25 ஆகும்போது இங்கேயும் விதி மாறியிருக்கலாம். மாறினால் இந்தத் தடவை பயப்பட மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

திருச்சி அண்ணிக்கும் ஒரு பதில் வேண்டும். இந்தியாவின் அரசுத் திட்டம் 30 முதல் 65 வயதுப் பெண்களுக்கானது. கருப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி, வெள்ளையாக மாறும் இடத்தைக் கண்ணால் பார்க்கும் சோதனை. அதுவும் வெறும் ஒப்புக்குச் செய்வது கிடையாது. திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில் இதைச் செய்து பார்த்தபோது, இந்தப் புற்றுநோயால் வந்த மரணம் 35 சதவீதம் குறைந்தது. 2007-ல் வெளியான முடிவு அது. உலக சுகாதார நிறுவனமும் பொதுவாக 30 வயதைத்தான் சொல்கிறது. ஆகவே அண்ணிக்கு 22 வயதில் ஒரு பெண் இருந்தால், அவளுக்கு இப்போது எதுவும் வேண்டாம் என்பது அங்கேயும் சரிதான். அவளுக்கு ஊசி போட்டிருக்கிறார்களா என்று மட்டும் கேளுங்கள். புனேயின் சீரம் நிறுவனம் தயாரிக்கும் செர்வாவேக் 2023 முதல் கிடைக்கிறது. ஆனால் அண்ணிக்கு 30-ஐத் தாண்டி வெகு நாளாகிவிட்டது. இந்தியாவில் 2022-ல் மட்டும் ஏறக்குறைய எண்பதாயிரம் பெண்கள் இந்த நோயில் இறந்ததாக மதிப்பிடுகிறார்கள். அவர்கள் ஊசி வருவதற்கு முன் வளர்ந்தவர்கள், அண்ணியின் வயதை ஒட்டியவர்கள்.

கடைசியாக ஒன்று கேட்க வேண்டும். உங்கள் கேள்வியை இரண்டு தடவை படித்தேன். மூத்த மகள், சின்ன மகள், அக்கா மகள், அண்ணி எல்லோரும் அதில் இருக்கிறார்கள். நீங்கள் இல்லை. வந்த புதிதில் சொன்னார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள், அப்புறம் எடுத்தீர்களா என்று எழுதவில்லை. ஆஸ்திரேலியாவில் இந்தப் புற்றுநோய் கண்டுபிடிக்கப்படும் பெண்களில் 70 சதவீதத்துக்கும் மேல், சோதனையே செய்யாதவர்கள் அல்லது வருடக்கணக்கில் விட்டுவிட்டவர்கள். உங்களுக்கு ஊசி கிடையாது. பள்ளியில் வரிசையில் நிறுத்தி யாரும் உங்களுக்குப் போடவில்லை. இந்த வீட்டில் இன்றைக்கு ஆபத்து அதிகம் உள்ளவர் உங்கள் 22 வயது மகள் இல்லை, நீங்கள்தான்.

கிளினிக்குக்குப் போன் செய்து, 'நானே மாதிரி எடுத்துக்கொள்கிறேன்' என்று முன்பதிவு செய்யுங்கள். அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் இருந்தால் லேப் செலவு இல்லை. டாக்டரைப் பார்க்கக் கட்டணம் உண்டா என்று மட்டும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் பேசத் தயக்கமாக இருந்தால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொல்லுங்கள், போனில் இலவசமாகத் தருவார்கள். முடிந்தால் மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். போன மாதம் அப்படி ஒரு அம்மாவும் பெண்ணும் வந்தார்கள். அம்மா குழாயை எடுத்துக்கொண்டு திரைக்குப் பின்னால் போனார். இரண்டு நிமிடம்தான் ஆகியிருக்கும். வெளியே வந்து குழாயை என் கையில் கொடுத்துவிட்டு, உட்கார்ந்திருந்த மகளைப் பார்த்து, "வலிக்கவே இல்லடி" என்றார். அந்தப் பெண்ணுக்கு 25 ஆக இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது.